சுதையுள் உறையும் செங்கல்

(மண்ணூர்பேட்டையில் நடைபெற்ற திருப்பணிக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருப்புகலூரில் நிகழ்ந்த அற்புதத்தை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். திருவாரூரில் பங்குனி உத்திரத் திருநாள் நெருங்கியது. பரவையார் அத்திருநாளைச் சிறப்புறச் செய்தற்குப் பொன் வேண்டியிருந்தது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருப்புகலூர் சென்று பெருமானைப் பணிந்து, சற்றே இளைப்பாற எண்ணினார். அத்திருக்கோயிலின் திருப்பணிக்கென்று கொணர்ந்து வைத்திருந்த செங்கற்களை எடுத்து அடுக்கித் தலைக்கு அணையாக அமைத்து, அவற்றின்மேல் தம் மேலாடையை விரித்துத் துயின்றார். துயில் நீங்கி எழுந்தபோது செங்கற்கள் யாவும் பொன்னாக இருந்தன.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பொன்னைப் பற்றியே பேசுவர். கேட்போரும் பொன்னையே நினைப்பர். ஒருமுறை ஓர் ஊரில் இதனைச் சொல்லி முடித்தபோது, முன்வரிசையில் அமர்ந்திருந்த சிறுவன் எழுந்து, "தாத்தா, செங்கல் எல்லாம் பொன்னாகிவிட்டதே, கோயில் கட்டுவதற்கு வேறு செங்கல் யார் கொடுத்தார்கள்?" என்று கேட்டான். அடியேனுக்கு விடை சொல்லத் தெரியவில்லை. ஆயினும் அன்று முதல் பொன்னைவிட அந்தச் செங்கல்லே என் நெஞ்சில் நிற்கின்றது. இன்று பேச வந்ததும் அதனைப் பற்றியே.

இந்த ஊரின் பெயரிலேயே மண் இருக்கின்றது. பெயர்க் காரணம் அதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. காது கேட்பதைச் சொல்கின்றேன். நம் சென்னை மாநகரில் சூளை என்றும் சூளைமேடு என்றும் ஊர்கள் உள்ளன. அப்பெயர்களைக் கேட்டால் செங்கல் வெந்த புகை மணம் இன்றும் வருகின்றது. ஏரிகள் நிறைந்த நம் பகுதியில் வண்டல் மண்ணுக்குக் குறைவில்லை. அம்பத்தூரில் 1964இல் தொழிற்பேட்டை எழுவதற்கு முன்னர் இவையெல்லாம் வயலும் ஏரியுமாக விளங்கிய இடங்கள் என்பதை இங்குள்ள மூத்தோர் நன்கு அறிவர்.

நமக்கு அருகில் உள்ள பாடி, திருவலிதாயம் என்னும் பெயருடன் திருஞானசம்பந்தப் பெருமானால் பாடப்பெற்ற தலம். அத்திருக்கோயிலின் கருவறையை வலம் வரும்போது பின்புறம் வளைந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். யானை படுத்திருக்கும் முதுகு போன்ற அவ்வடிவைத் தூங்கானை மாடம் என்பர். கஜபிருஷ்டம் என்றும் சொல்வர். திருமுல்லைவாயிலிலும் அவ்வடிவே. மரத்தாலும் செங்கல்லாலும் கட்டிய காலத்தில் பிறந்த வடிவம் அது என்பது கட்டடக்கலை அறிஞர் பலரின் கருத்து. கல்லாகிய பின்னரும் கோயில் தன் பழைய உருவை மறக்கவில்லை.

ஆவடிக்கு அப்பால் உள்ள திருநின்றவூர் பூசலார் நாயனாரின் பதி. கையில் பொருள் இன்மையால் அவர் மனத்திலேயே கோயில் கட்டினார். சேக்கிழார் பெருமான் அந்தக் கோயிலை எவ்வளவு நுணுக்கமாக வருணிக்கின்றார் என்பதைப் படித்தால் வியப்பு உண்டாகும். அடித்தளம் முதல் சிகரம் வரை முழக் கணக்கில் அமைத்து, தூபியை நட்டு, சுதை வேலையும் செய்து, கிணறு அமைத்து, மதில் எடுத்து, திருக்குளமும் தோண்டியதாகச் சொல்கின்றார். மனத்தில் கட்டும் கோயில்தானே, சுதை வேலையை விட்டுவிட்டால் யார் கேட்கப் போகின்றார்கள்? நாயனார் விடவில்லை. சுதையில்லாமல் கோயில் நிறைவு பெறாது என்று அவர் கருதினார்.

செங்கல் நம் மரபில் வெறும் கட்டுமானப் பொருள் அன்று. வேதகாலத்து வேள்விக் களத்தில் பருந்து வடிவில் அடுக்கிய பீடம் செங்கற்களால் ஆனது. பண்டரிபுரத்தில் பாண்டுரங்கன் இடுப்பில் கை வைத்து நிற்பது பக்தன் புண்டரீகன் இட்ட ஒரு செங்கல்லின்மேல். ஆகம முறைப்படி கோயில் எழுப்பும்போது முதலில் இடுவது பிரதமேஷ்டகை, அதாவது முதற்செங்கல். விமானம் நிறைவுறும் இடத்தில் இடுவது மூர்த்தேஷ்டகை, முடிச்செங்கல். இஷ்டகை என்னும் வடசொல்லுக்குப் பொருளே செங்கல் என்பதுதான். கருங்கல்லால் கட்டும் கோயிலுக்கும் இச்சடங்குகளின் பெயர் மாறவில்லை.

தமிழகத்தில் முற்காலக் கோயில்கள் செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை. இதற்குச் சான்று தருபவர் அவற்றைத் தவிர்த்த ஒரு மன்னரே. விழுப்புரம் மாவட்டத்தில் மண்டகப்பட்டு என்னும் ஊரில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவர் ஒரு குன்றைக் குடைந்து பிரமன், சிவன், திருமால் மூவர்க்கும் கோயில் எடுத்தார். செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுண்ணாம்பும் இன்றி இதனை விசித்திரசித்தன் ஆக்கினான் என்னும் கருத்துப்படக் கல்வெட்டும் பொறித்தார். இது ஏழாம் நூற்றாண்டுச் செய்தி. இவையில்லாமல் கோயில் எடுத்தது அந்நாளில் பெருமையாகப் பேசத்தக்க புதுமையாயிருந்தது என்றால், அதுவரை இருந்த கோயில்கள் எவற்றால் ஆனவை என்பது விளங்கும்.

பின்னர்ச் சோழர் காலத்தில் செம்பியன் மாதேவியார் பல செங்கற்றளிகளைக் கற்றளிகளாக மாற்றிப் புதுப்பித்தார். அத்தூய அம்மையாரின் தொண்டு அளவிடற்கரியது. ஆயினும் அப்பழைய தளிகளின் சுவர்களில் எத்தகைய உருவங்கள் இருந்தன என்பதை நாம் இனிக் காண இயலாது. பக்தியினால் செய்த திருப்பணியிலும் ஓர் இழப்பு உண்டு என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். இதனைப் பிறகு எடுத்துக்கொள்கின்றேன்.

மாமல்லபுரத்துக்கு அருகே சாளுவன்குப்பத்தில் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் சில கல்வெட்டுகள் வெளிப்பட்டன. இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது முருகப்பெருமானின் பழங்கோயில் ஒன்று மணலுக்குள் இருந்து கிடைத்தது. மேலே பல்லவர் காலத்துக் கற்பணி. அதற்கும் கீழே அதனினும் பழைமையான செங்கற்பணி. அச்செங்கற்கள் இன்று நாம் வாங்கும் செங்கல்லைவிட மிகப் பெரியவை. வடக்கு நோக்கிய சந்நிதி. கல்லால் ஆன வேல் ஒன்றும் கிடைத்தது. ஒருமுறையேனும் குடும்பத்துடன் சென்று அந்தச் சுவரின் அருகே நில்லுங்கள்.

இனி, செங்கல்லில் உருவம் எடுப்பது எவ்வாறு என்பதைக் காண்போம். உலகத்தில் இதற்கு மூன்று நெறிகள் உள்ளன.

சுவரை முதலில் மெல்லிய இணைப்புகளுடன் கட்டிவிட்டு, வெந்த செங்கல்லை உளியால் செதுக்குவது ஒரு நெறி. சத்தீஸ்கர் மாநிலத்துச் சிர்ப்பூரில் உள்ள இலக்குமணர் கோயில் இதற்குச் சிறந்த சான்று. வாசடை என்னும் அரசி தம் மறைந்த கணவர் ஹர்ஷகுப்தரின் நினைவாக ஏழாம் நூற்றாண்டில் திருமாலுக்கு எடுத்த கோயில் அது. வாயில்நிலை கல், மற்றவை செங்கல். சாளரங்களும் கூடுகளும் செங்கல்லிலேயே செதுக்கப்பட்டுள்ளன. உளி சிறிது பிசகினால் கல் பிளந்துவிடும். நன்றாக அரைத்த மண்ணும் சீராக வெந்த சூளையும் அமையாவிடில் அத்தகைய பணி கைகூடாது.

மண் ஈரமாக இருக்கும்போதே உருவம் செய்து, பிறகு சுட்டு, சுவரில் பதிப்பது மற்றொரு நெறி. கான்பூர் மாவட்டத்துப் பிதர்காவ் என்னும் ஊரில் குப்தர் காலத்துச் செங்கற்கோயில் இவ்வகைச் சுடுமண் பலகைகளைத் தாங்கி நிற்கின்றது. வங்காளத்து விஷ்ணுபூரில் மல்ல மன்னர்கள் எடுத்த கோயில்களும் இவ்வகையின. அங்கே 1643இல் எழுந்த சியாம்ராய் கோயிலின் சுவர்களில் கண்ணன் லீலையும் இராமகாதையும் கைப்பிடி அகலப் பலகைகளில் நெருங்கி நிறைந்துள்ளன. நல்ல கல் எளிதில் கிடையாத ஆற்றுச் சமவெளியில் அன்பர்கள் தம் காலடி மண்ணையே இறைவனுக்கு ஆடையாக்கினர். பாபிலோன் நகரத்து இஷ்டார் வாயிலில், கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 575 ஆண்டுகளுக்கு முன், காளைகளையும் நாகமுக விலங்குகளையும் செங்கல் செங்கல்லாக அச்சிட்டு வார்த்து, மேலே பளபளக்கும் மெருகு ஏற்றி அடுக்கினார்கள்.

இக்காலத்திலும் மேலை நாடுகளில் பொதுக்கட்டடங்களின் சுவர்களுக்கு இம்முறையைக் கையாளுகின்றனர். சுடாத ஈரக் கற்களைச் சாய்ந்த பலகையில் சுவர் போல அடுக்கி, முழு உருவத்தையும் அதன்மேல் செதுக்குகின்றனர். பின் ஒவ்வொரு கல்லின் முதுகிலும் எண் இட்டுப் பிரித்து, மெல்ல உலர்த்திச் சுட்டு, உரிய சுவரில் எண் வரிசைப்படி கட்டுகின்றனர். உலரும்போதும் வேகும்போதும் மண் சுருங்கும். ஆகவே நினைத்த உருவத்தைவிடச் சற்றுப் பெரிதாகவே செதுக்க வேண்டும். முகம் இரண்டு கற்களில் பிரிந்துவிடாதபடி இணைப்புக் கோட்டை முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும். நெதர்லாந்து நாட்டு ராட்டர்டாம் நகரத்தில் ஹென்றி மூர் என்னும் சிற்பி 1955இல் வடிவமைத்த சுவர்ச்சிற்பத்துக்கு ஏறத்தாழ 16,000 செங்கற்கள் ஆயின. அதனைக் கட்டி முடித்தவர்கள் அந்நாட்டுக் கொத்தனார்கள்.

மூன்றாவது நெறி நம்முடையது. செங்கல்லை உடலாகவும் சுதையைத் தோலாகவும் கொள்வது அது. மயிலாப்பூரில் 1906இல் எழுந்த கபாலீசுவரர் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போதும், மதுரையில் 1,500க்கும் மேற்பட்ட உருவங்களைத் தாங்கி 1559இல் எழுந்த தெற்குக் கோபுரத்தைக் காணும்போதும், நாம் காண்பது தோலை மட்டுமே. உத்திரமேரூர் சுந்தரவரதப் பெருமாள் கோயில் விமானத்திலும் அவ்வாறே. நின்றும் இருந்தும் கிடந்தும் மூன்று நிலைகளில் பெருமாள் காட்சி தரும் அவ்விமானத்தின் மேற்பகுதி செங்கல்லும் சுதையுமே. கல் அடித்தளத்தின்மேல் செங்கல்லை ஏற்றியதற்குக் காரணம் உண்டு. உயரே போகப்போகப் பளு குறைய வேண்டும். தெலங்கானத்து இராமப்பா கோயிலில் 1213ஆம் ஆண்டிலேயே நீரில் மிதக்கும் அளவுக்கு இலேசான செங்கற்களால் விமானம் எடுத்தார்கள். 2021இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச்சின்னமாக ஏற்றது.

ஒரு துவாரபாலகர் எவ்வாறு உருவாகின்றார்? கோபுரச் சுவர் எழும்பும்போதே, உருவம் வரவேண்டிய இடத்தில் கற்கள் வெளியே நீட்டி வைக்கப்படும். தோளுக்கு ஒரு கல், தொடைக்கு இரு கல், பின்னே போகும் கைக்குச் சாய்வாக அறுத்த கல். கரணையின் விளிம்பால் தட்டித் தட்டி அக்கற்களை முரட்டு உருவாகத் திருத்துவார்கள். தள்ளி நின்று பார்த்தால் அந்நிலையிலேயே நிற்கும் நிலையும் இடுப்பின் வளைவும் தெரிந்துவிட வேண்டும். கல்லில் வராத நளினம் சுதையில் வராது என்பது மூத்த சுதை வேலைக்காரர்களிடம் அடியேன் கற்ற பாடம். பிறகு பருங்காரை பூசி உடல் திரட்டி, அது இறுகியபின் மென்காரையால் கண்ணும் இதழும் அணிகலனும் மூங்கிலாலும் மரத்தாலும் ஆன சிறு கருவிகளைக் கொண்டு எடுப்பார்கள்.

காரை என்பது சுண்ணாம்பும் மணலும் மட்டும் அன்று. நீற்றிய சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, மணல் சேர்த்துச் செக்கில் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் கலந்து பக்குவம் செய்வார்கள். சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது அதிலிருந்து கரிவளி வெளியேறுகின்றது. பூசிய பிறகு காரை அதே கரிவளியைக் காற்றிலிருந்து சிறிது சிறிதாக வாங்கி, ஆண்டுகள் கடந்து மீண்டும் கல்லாகின்றது. கல்லான பின்னும் அதில் நுண்துளைகள் உண்டு. மழை நீர் சிறிது உள்ளே சென்றாலும் வெயிலில் அவ்வழியே வெளியேறிவிடும். செங்கல்லும் அவ்வாறே நீரை வாங்கி விடுவது. ஆகவே உடலும் தோலும் ஒரே தன்மையன.

இங்குதான் அடியேன் ஒரு பிழையை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் கட்டடப் பொறியாளனாகப் பணி செய்து ஓய்வு பெற்றவன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்க் கோயிலில் மூன்று நிலைக் கோபுரத்துக்குத் திருப்பணி நடந்தது. ஊரார் என்னிடம் கருத்துக் கேட்டார்கள். சுதை உருவங்களில் வெடிப்பு இருந்தது. சிலவற்றுக்கு விரல் இல்லை. "பழைய காரையை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டு, இரும்புக் கம்பி வைத்துச் சிமெண்டில் செய்துவிடுங்கள். நூறாண்டு நிற்கும்" என்று எழுதிக் கொடுத்தவன் நான். அவர்கள் அவ்வாறே செய்தார்கள். குடமுழுக்கு மிகச் சிறப்பாக நடந்தது. எனக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள்.

பத்தாண்டு நிறைவதற்குள் அழைப்பு வந்தது. ஒரு துவாரபாலகரின் கை விழுந்துவிட்டது. நல்லவேளையாகக் கீழே எவரும் இல்லை. ஏறிப் பார்த்தேன். சிமெண்டுப் பூச்சு ஓடு போல விலகி நின்றது. உள்ளே இருந்த கம்பி துருப்பிடித்துப் பருத்துச் சிமெண்டைப் பிளந்திருந்தது. அதன் பின்னே இருந்த செங்கல்லை விரலால் தொட்டேன், மாவாக உதிர்ந்தது. பூச்சின் வெடிப்பு வழியே புகுந்த மழைநீர் வெளியேற வழியின்றிச் செங்கல்லுக்குள்ளேயே தங்கிவிட்டது. நீரில் கரைந்த உப்பு பூச்சுக்குப் பின்னே படிகமாகிப் பருத்து, கல்லின் முகத்தை அடுக்கடுக்காக உரித்துவிட்டது. பல தலைமுறை மழையைத் தாங்கிய செங்கல் பத்தாண்டில் மண்ணாயிற்று.

பழைய உருவங்களின் உடைசல் எங்கே என்று கேட்டேன். தேர் செல்லும் பாதையில் பள்ளம் நிரப்பக் கொட்டிவிட்டோம் என்றார்கள். அந்தப் பாதையில் நான் நடந்துதான் வந்திருந்தேன்.

சிமெண்டு தீயது என்று சொல்வதாக எண்ண வேண்டாம். பாடி மேம்பாலம் அதனால்தான் நிற்கின்றது. தனக்கு உரிய இடத்தில் அது நல்ல பொருள். பழைய செங்கல்லுக்கும் சுண்ணாம்புக் காரைக்கும் மேலே பூசுவது மட்டுமே அதற்கு உரிய இடம் அன்று. துளைகளை அடைக்கும் எனாமல் வண்ணமும் அத்தகையதே. பளபளப்பைக் கண்டு நாம் மகிழ்கின்றோம். உள்ளே செங்கல் மூச்சுவிட முடியாமல் இருக்கின்றது.

பழைய கட்டடம் என்றால் தொடாமலே விட்டுவிடலாம் என்பதும் தவறு. திருக்காளத்தியில் கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய இராசகோபுரம் 2010ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் இடிந்து விழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். விரிசல் முன்னரே கண்ணுக்குத் தெரிந்திருந்தது. புதிய கோபுரம் எழுந்து 2017இல் குடமுழுக்கும் கண்டது. ஆயினும் அந்த ஐந்நூறாண்டுக் கோபுரம் திரும்பி வராது. பறவை எச்சத்தில் முளைத்த ஓர் அரசங்கன்றை இளமையில் வேரோடு எடுப்பது ஒருவர் அரைநாள் செய்யும் வேலை. பத்தாண்டு விட்டுவிட்டால் அதன் வேர் இரண்டு நிலைகளைப் பிளந்துவிடும். அரசு புனிதமானது என்று கோபுரத்தில் அதனை வளரவிடும் அன்பர்களை அடியேன் பல ஊர்களில் கண்டிருக்கின்றேன்; அந்தக் கன்றைத் தரையில் நட்டு நீர் ஊற்றினால் இருவரும் பிழைப்பார்கள்.

இனி நம் திருக்கோயிலுக்கு வருகின்றேன். முன்மண்டபத்துக் கைப்பிடிச்சுவரின் மேல் பதினொரு சுதை உருவங்கள் உள்ளன. அவற்றை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும் என்று குழுவில் ஒரு கருத்து உள்ளது. சில உபயதாரர்கள் ஒவ்வோர் உருவத்துக்கும் பொருள் தருவதாகச் சொல்லியும் விட்டார்கள். அவர்களுடைய பக்தியை அடியேன் வணங்குகின்றேன்.

சென்ற மாதம் குழுவினரின் இசைவுடன் சாரத்தில் ஏறி ஒவ்வோர் உருவத்தையும் சிறு மரக்கொட்டாப்புளியால் மெல்லத் தட்டிப் பார்த்தேன். காரை செங்கல்லை விட்டு விலகியிருந்தால் ஓசை பொள்ளென்று வரும். பற்றியிருந்தால் திண்ணென்று வரும். மூன்று உருவங்கள் பொள்ளென்றன. எட்டு உருவங்கள் திண்ணென்றன. அந்த எட்டையும் எதற்காக உடைப்பது? மங்கிய வண்ணத்துக்காகவா? வடமேற்கு மூலையில் உள்ள நந்தியெம்பெருமானின் கழுத்து மணியில், அதனை அழுத்தி வைத்த வேலைக்காரரின் கட்டைவிரல் ரேகை இன்றும் தெரிகின்றது. அவர் பெயர் நமக்குத் தெரியாது. கல்வெட்டில் உபயதாரர் பெயர் இருக்கும். அவர் பெயர் இராது. இந்த ரேகை ஒன்றே அவர் இறைவன் சந்நிதியில் விட்டுச் சென்ற கையெழுத்து.

விலகிய மூன்றிலும் செங்கல் உடல் பழுதின்றி இருக்கின்றதா என்று திறந்து பார்க்க வேண்டும். இருந்தால் அதன்மேலேயே புதுக்காரை ஏற்றலாம். உதிர்ந்த கல்லை மட்டும் மாற்றி, அதே அளவில் நன்கு வெந்த கல்லை வைக்கலாம். வைக்கும் முன் ஒருநாள் நீரில் ஊறவைக்க வேண்டும். இல்லையேல் கல் காரையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். மாமல்லபுரத்தில் 1957 முதல் நடைபெற்று வரும் சிற்பக்கலைப் பயிற்சியில் சுதைச் சிற்பமும் ஒரு பாடம். அங்கே பயின்றவர்கள் இருக்கின்றார்கள். அறநிலையத்துறையின் வல்லுநர்கள் வந்து பார்த்து ஒப்புதல் தரும்வரை எவரும் உளியை எடுக்க வேண்டாம் என்று குழுவினரைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கின்றேன்.

இதில் இடையூறு இல்லை என்று சொல்ல மாட்டேன். சுண்ணாம்பு வேலை மெதுவானது. தைக்குள் முடிக்க எண்ணிய குடமுழுக்கு ஆனி வரை தள்ளிப்போகக்கூடும். கூலியும் கூடும். ஆனால் எட்டு உருவங்களைப் புதிதாகச் செய்யும் செலவு மீதமாகும். உபயம் தர விரும்பிய அன்பர்கள் தம் பெயர் எந்த உருவத்தின் கீழ் வரும் என்று கேட்கலாம். பூசலார் எடுத்த கோயிலில் எவர் பெயரும் பொறிக்கப்படவில்லை. ஆயினும் காஞ்சியில் மன்னன் எடுத்த கற்றளிக்குக் குறித்த நாளை மாற்றச் சொல்லிவிட்டு, இறைவன் திருநின்றவூருக்கே எழுந்தருளினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்குச் சாரத்தில் மீண்டும் ஏறி, அந்த மூன்று உருவங்களையும் குழுவினர் முன்னிலையில் தட்டிக் காட்டுகின்றேன். ஏற இயன்றவர்கள் ஏறலாம். இயலாத பெரியோர் கீழே நின்று ஓசையைக் கேட்கலாம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். சிமெண்டு மூட்டை தருவதாகச் சொன்ன அன்பர்கள் அதற்குப் பதிலாகக் கடுக்காயும் வெல்லமும் நீற்றாத கிளிஞ்சல் சுண்ணாம்பும் தரலாம். மடைப்பள்ளியின் பின்புறம் உள்ள பழைய தொட்டியைக் கழுவி வைக்கச் சொல்லியிருக்கின்றேன். சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும்; குழந்தைகளைத் தொட்டியருகே விட வேண்டாம்.

திருச்சிற்றம்பலம்.